பூக்காத செடியும் பொறுமையுள்ள கையும்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



திருவிழா நாள்களில் நம் பங்கு ஆலயங்களில் பீட அலங்காரத்தைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் சம்பங்கி, ரோஜா, சாமந்தி ஆகியவையே பீடத்தை நிறைத்திருக்கும். இப்போது அவற்றோடு ஊதாவும் வெள்ளையுமாக ஆர்க்கிட் மலர்களும் சேர்ந்துகொண்டன. பறித்த பிறகும் பல நாள் வாடாமல் நிற்பதால் அலங்காரம் செய்பவர்கள் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். வெட்டிய கொத்தாக வந்துகொண்டிருந்த அந்த மலர், இன்று தொட்டிச் செடியாகவே நம் வீடுகளுக்கு வந்துவிட்டது. புதுமனை புகுவிழா, திருமண வெள்ளிவிழா, பிறந்தநாள் என்று பரிசாகக் கொடுக்கிறார்கள். பூக்கடையில் வாங்கும்போது செடி நிறையப் பூ இருக்கிறது. இரண்டு மாதம், சில வேளை மூன்று மாதம்கூட அந்தப் பூக்கள் நிற்கின்றன. பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து, தடித்த நான்கைந்து இலைகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஓராண்டு போகிறது, இரண்டாண்டு போகிறது, இலை வருகிறது, பூ வரவில்லை. ‘இது பூக்காத செடி’ என்று முடிவு கட்டி மொட்டை மாடி மூலைக்கு அனுப்பிவிடுகிறோம்.

அந்த மூலையில் கிடக்கும் செடியைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம். அதை எப்படி மீண்டும் பூக்க வைப்பது என்று வீட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பயன்படும் சில செய்திகளையும் பகிர்ந்துகொள்வோம். ஏனெனில் பூக்கவில்லை என்ற சொல்லை நாம் செடிகளுக்கு மட்டும் சொல்வதில்லை. நம் வீட்டில், நம் தெருவில், நம் அன்பியத்தில் இருக்கும் மனிதர்களுக்கும் சொல்கிறோம்.

முதலில் இந்தச் செடி யார் என்று தெரிந்துகொள்வோம். ஆர்க்கிட் என்பது ஒரு தனிச் செடியின் பெயரல்ல; 25,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய பெரிய குடும்பத்தின் பெயர். நாம் கேக்கிலும் பாயசத்திலும் வாசனைக்குச் சேர்க்கும் வெனிலாகூட ஓர் ஆர்க்கிட் கொடியின் காயிலிருந்து வருவதுதான். நம் வீடுகளுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, அகன்ற இலைகளோடு, வளைந்த தண்டில் பட்டாம்பூச்சிகளை வரிசையாக உட்கார வைத்ததுபோல் பூக்கும் ஃபலனாப்சிஸ். 1825-இல் புளூமே என்ற தாவரவியலாளர் இதற்குப் பெயர் வைத்தபோது, விட்டில்பூச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் வைத்தார். மற்றொன்று, சிறு கரும்பு போன்ற தண்டுகள் பக்கம் பக்கமாக எழும் டென்ட்ரோபியம். பீடங்களில் நாம் அதிகம் பார்ப்பது இந்த டென்ட்ரோபியத்தின் மலர்தான்.

இந்த இரண்டும் காட்டில் மண்ணில் வளர்பவை அல்ல. மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர்விட்டு வாழ்பவை. மரத்தின் மேல் இருப்பதால் இவற்றை ஒட்டுண்ணி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மரத்தின் சாற்றில் ஒரு துளியையும் இவை எடுப்பதில்லை. மழைநீரையும், காற்றின் ஈரத்தையும், கிளை இடுக்கில் சேரும் சருகின் சத்தையும் கொண்டே வாழ்கின்றன. அதற்கேற்ற வேரை இறைவன் அவற்றுக்குத் தந்திருக்கிறார். அந்த வேரின்மேல் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அது வெள்ளியைப்போல் வெளுத்திருக்கும். தண்ணீர் பட்டதும் உறிஞ்சிப் பச்சையாகிவிடும். உங்கள் செடிக்குத் தாகமா இல்லையா என்று அந்த வேரின் நிறமே சொல்லிவிடும்.

இப்போது நாம் என்ன செய்கிறோம்? ரோஜாவுக்குச் செய்வதுபோல் செம்மண்ணும் சாணமும் போட்டு, வேரை ஆழப் புதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறோம். அன்பு குறைவில்லை. ஆனால் காற்றுக்குப் பழகிய வேர் மண்ணுக்குள் மூச்சு முட்டி அழுகிப்போகிறது. வேர் அழுகினால் தண்ணீர் ஏறாது, இலை சுருங்கும். இலை சுருங்குவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுகிறோம். அன்போடு ஊற்றியே பல ஆர்க்கிட் செடிகள் செத்துப்போகின்றன.

இதற்கு வேண்டியது மிக எளிது. பக்கத்திலும் அடியிலும் துளையுள்ள தொட்டி. அதில் மரக்கரித் துண்டுகள், செங்கல் அல்லது ஓட்டுச் சில்லுகள், நன்றாக ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டுகள். தண்ணீரைக் காலையில் நன்றாக ஊற்றி, முழுவதும் வடிய விடுங்கள். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஃபலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இல்லையேல் குருத்து அழுகும். வேர் வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மட்டை மக்கிப்போனதும், பூ முடிந்து புதுவேர் கிளம்பும் நேரம் பார்த்துத் தொட்டியை மாற்றுங்கள்.

அன்புக்குரியவர்களே, இங்கேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் செல்வந்தர்களுக்கு ஆர்க்கிட்மேல் பெரும் மோகம். உலகின் வெப்பநாட்டுக் காடுகளிலிருந்து கப்பல் கப்பலாகச் செடிகளை வரவழைத்தார்கள். வெப்பநாட்டுச் செடிகள்தானே என்று கண்ணாடி வீடுகளை இறுக மூடி, உள்ளே நெருப்பின் சூடும் நீராவியுமாக வைத்தார்கள். செடிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அவற்றில் பல, வெப்பநாட்டின் குளிர்ந்த மலை உச்சிகளில் காற்றோட்டத்தில் வளர்ந்தவை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 1830-களில் சாட்ஸ்வர்த் மாளிகையின் தோட்டத் தலைவராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் வேறு வழியில் போனார். எந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று பார்த்து, அதற்கேற்றபடி வெவ்வேறு வெப்பநிலையில் தனித்தனி அறைகள் அமைத்து, காற்று வர வழி செய்தார். செடிகள் பிழைத்தன, பூத்தன. வந்த செடிகள் அதே காட்டுச் செடிகள்தாம். பராமரித்தவர் கேட்ட கேள்விதான் மாறியது. “ஏன் பூக்கவில்லை?” என்று செடியைக் கேட்காமல், “நீ எங்கிருந்து வந்தாய்? உனக்கு என்ன வேண்டும்?” என்று அவர் கேட்டார்.

நம் வீட்டுக்கு வந்த மருமகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோமா? கிராமத்திலிருந்து வந்து நகரத்து விடுதியில் சேர்ந்திருக்கும் மாணவனிடம் கேட்டிருக்கிறோமா? பிழைப்புக்காக நம் பங்குக்குக் குடிவந்து, கடைசி வரிசையில் நின்று திருப்பலி கண்டு, யாரோடும் பேசாமல் போகும் குடும்பத்திடம் கேட்டிருக்கிறோமா? ‘ஒட்டமாட்டேன் என்கிறார்கள்’ என்று சொல்வது எளிது. எந்த மண்ணில் அவர்களைப் புதைத்து வைத்திருக்கிறோம் என்று பார்ப்பது நம் கடமை.

அடுத்து வெளிச்சத்துக்கு வருவோம். வீட்டில் ஆர்க்கிட் பூக்காமல் போவதற்கு முதல் காரணம் வெளிச்சக் குறைவுதான். இதில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். போதிய வெளிச்சம் இல்லாத ஆர்க்கிட், பார்ப்பதற்கு வாடிப்போய் இருக்காது. அதன் இலை கரும்பச்சையாக, மினுமினுப்பாக, மிக ஆரோக்கியமாகத் தெரியும். வந்தவர்கள் எல்லாரும் எவ்வளவு செழிப்பு என்று பாராட்டுவார்கள். ஆனால் பூக்காது. பூக்கும் செடியின் இலை சற்று வெளிர்ந்த பச்சையாக இருக்கும். வெயில் மிகுதியானால் இலை மஞ்சளாகி, தீப்பட்டதுபோல் புள்ளி விழும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அதற்குரிய இடம். ஃபலனாப்சிஸுக்குக் கிழக்குச் சன்னலின் இளவெயில் போதும். டென்ட்ரோபியத்துக்கு இன்னும் அதிக வெளிச்சம் வேண்டும்; மாடியில் பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலையின் கீழ் வைத்தால் மகிழ்ச்சியாக இருக்கும். வரவேற்பறை அலமாரியில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால் நமக்கு அழகு, செடிக்கு இருட்டு.

பிள்ளைகளை நிழலிலேயே வளர்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். பையை நாமே தூக்கி, சண்டையை நாமே பேசித் தீர்த்து, பதிலை நாமே சொல்லிக்கொடுத்து வளர்க்கிறோம். பிள்ளை கரும்பச்சை இலைபோல மினுமினுப்பாக இருக்கும். ஒரு சிறு தோல்வியைத் தாங்கும் வலு வந்திருக்காது. கொஞ்சம் வெளிச்சத்துக்கு அனுப்ப வேண்டும். இலை கருகும்படி உச்சி வெயிலில் நிறுத்தவும் கூடாது. இந்த அளவைக் கண்டுபிடிக்கப் புத்தகம் போதாது. தினமும் இலையைப் பார்க்கும் கண் வேண்டும்.

மூன்றாவது செய்தி குளிர். ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விடுவதற்கு ஓர் அறிகுறி தேவை. மூன்று நான்கு வாரங்கள் தொடர்ந்து வெப்பம் ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். இரவுகள் அதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் இலையின் அடியிலிருந்து பூந்தண்டு எட்டிப் பார்க்கும். வணிகமாக வளர்ப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். செடி வளர வேண்டிய காலத்தில் 28 டிகிரி அளவில் வெப்பமாக வைத்துப் பூக்கவிடாமல் தடுப்பார்கள். செடி தயாரானதும் குளிர்ந்த அறைக்கு மாற்றுவார்கள். அதனால்தான் கடைக்கு வரும்போது எல்லாச் செடிகளும் ஒரே நாளில் பூத்து நிற்கின்றன.

இங்கே நாம் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஏற்காட்டிலும் இருப்பவர்களுக்கு இந்தக் குளிர் தானாகக் கிடைக்கிறது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருப்பவர்களுக்கு மார்கழி, தை மாத இரவுகளில்தான் கொஞ்சம் கிடைக்கும். அதுவும் போதாமல் போகலாம். இரவில் குளிரூட்டி ஓடும் அறையில் வைத்துப் பூக்கவைப்பவர்களும் உண்டு. ஆனால் டென்ட்ரோபியத்தில் நாம் பீடங்களில் காணும் வகைக்கு இந்தக் குளிர் தேவையில்லை. தாய்லாந்தின் புழுக்கத்தில் அது வயல் வயலாகப் பூக்கிறது. நம் கடற்கரை ஊர்களிலும் பூக்கும். ஆகவே வெப்பமான ஊரில் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டில் பார்த்த ஃபலனாப்சிஸைத்தான் வளர்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, அது பூக்கவில்லை என்று அதைத் திட்டுவதில் நியாயமில்லை.

அண்ணன் பொறியாளர் ஆகிவிட்டான், ஆகவே தம்பியும் ஆக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் மருத்துவம் படிக்கிறாள், ஆகவே நம் மகளும் படிக்க வேண்டும் என்று நாம் நினைக்கும்போது இதைத்தான் செய்கிறோம். இரண்டும் ஆர்க்கிட்தான். இரண்டும் பூக்கும். ஆனால் ஒன்று குளிரில் பூக்கும். மற்றொன்று வெப்பத்தில் பூக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். குளிர் பட்டால்தான் பூக்கும் என்று கேட்டவுடன், “பார்த்தீர்களா, கஷ்டப்படுத்தினால்தான் பிள்ளைகள் முன்னேறுவார்கள்” என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. செடி கேட்பது சில டிகிரி குளிர்ச்சி மட்டுமே. பனிக்கட்டியில் வைத்தால் அது செத்துவிடும். பிள்ளையின் நன்மைக்கான கண்டிப்பும் பிள்ளையை ஒடுக்கும் கொடுமையும் அளவில் மட்டும் வேறுபடுபவை அல்ல, நோக்கத்திலேயே வேறுபடுபவை. தோட்டக்காரர் குளிரில் வைக்கும் அந்த நாள்களிலும் தண்ணீரை நிறுத்துவதில்லை. செடியைப் பார்க்காமல் இருப்பதும் இல்லை.

நான்காவது உரம். பூக்கவில்லை என்றதும் நாம் ஓடிப்போய் உரம் வாங்குகிறோம். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் பெருக்கும், பூ தள்ளிப்போகும். உப்பு படிந்து வேர் நுனி கருகும். ஆர்க்கிட்டுக்குத் தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்தும் சமமாக உள்ள உரம் போதும். பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் கால் பங்கை மட்டும் தண்ணீரில் கரைத்து, வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை தெளிக்க வேண்டும். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் தொட்டியை நன்கு அலச வேண்டும். கொஞ்சமாக, ஆனால் விடாமல் என்பதுதான் கணக்கு.

பிள்ளைகளிடம் வருடம் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு, தேர்வுக்கு முந்தின மாதம் அறிவுரையாகக் கொட்டித் தீர்க்கிறோம் அல்லவா? அது இந்த உரக்கணக்குக்கு நேர் எதிரானது. தினமும் இரவு உணவின்போது கால்மணி நேரம், கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்பது போதும்.

மொட்டு வந்த பிறகும் ஒரு கவனம் தேவை. மொட்டோடு நிற்கும் செடியை இடம் மாற்றாதீர்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படும்படி வைக்காதீர்கள். முக்கியமாக, பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுத்த வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது மொட்டுகளை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். பூந்தண்டு கிளம்பியதிலிருந்து பூ விரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அவ்வளவு காத்திருந்துவிட்டு, கடைசி வாரத்தில் நம் அவசரத்தால் மொட்டை இழப்பது வேதனை அல்லவா? பக்கத்தில் பழுத்து நிற்பவற்றின் காற்று பட்டே மொட்டு உதிரும் என்றால், “அவனைப் பார், உன் வயதுதான்” என்ற நம் ஒப்பீடுகள் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்பார்ந்தவர்களே, டென்ட்ரோபியம் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். அதன் பழைய தண்டுகள் இலை உதிர்ந்து, சுருக்கம் விழுந்து, குச்சிபோல் நிற்கும். பார்க்க அழகாக இல்லை, இனி எதற்கு என்று வெட்டிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு செடி மெலிந்துபோகிறது. ஏனென்றால் அந்தப் பழைய தண்டில்தான் தண்ணீரும் உணவும் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் எழும் இளங்குருத்து அதிலிருந்துதான் குடித்து வளர்கிறது. சில வேளை, எல்லாரும் பட்டுப்போனது என்று நினைத்த அந்தத் தண்டின் கணுவிலிருந்தே மீண்டும் ஒரு பூங்கொத்து வரும். தண்டு முற்றிலும் காய்ந்து சருகான பிறகுதான் அதை எடுக்க வேண்டும்.

நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி இதற்குமேல் நாம் விளக்க வேண்டியதில்லை. பாட்டியின் மடியில் அமர்ந்து செபமாலை சொல்லக் கற்ற பிள்ளைகள், தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் திருப்பலிக்குப் போன பிள்ளைகள், எதைக் குடித்து வளர்ந்தார்கள் என்பது நமக்கே தெரியும்.

இப்போது இந்தச் சிந்தனையின் கனமான பகுதிக்கு வருகிறோம். சில வேளை ஒரு செடி திடீரென்று வழக்கத்துக்கு மீறிப் பூக்கும். தண்டு முழுக்கப் பூவாக இருக்கும். வீட்டில் எல்லாரும் மகிழ்வார்கள். அனுபவமுள்ள தோட்டக்காரர் மட்டும் குனிந்து வேரைப் பார்ப்பார். வேர் அழுகி, பிழைக்க வழியில்லாமல்போகும் செடி, விதையையாவது விட்டுச்செல்ல வேண்டும் என்று தன்னிடம் மிச்சமிருப்பதை எல்லாம் திரட்டிக் கடைசியாக ஒருமுறை பூப்பதுண்டு. அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, செடி நலமாக இருக்கிறது என்று நாம் விட்டுவிட்டால், சில வாரங்களில் செடியே இருக்காது. பூந்தண்டை வெட்டிவிட்டு, அழுகிய வேரை நீக்கி, புதுக்கரியில் நட்டு, ஓய்வு கொடுத்தால்தான் அது பிழைக்கும்.

மதிப்பெண் என்ற பூவை மட்டும் பார்க்கும் வீடுகளுக்கு இது ஓர் எச்சரிக்கை. முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை உள்ளே நலமாக இருக்கிறது என்பதற்கு அந்த மதிப்பெண் சான்று ஆகாது. தூங்குகிறதா, சிரிக்கிறதா, நண்பர்கள் இருக்கிறார்களா, சாப்பாடு இறங்குகிறதா என்று குனிந்து வேரைப் பாருங்கள். தேர்வு முடிவு வரும் நாள்களில் நம் நாட்டில் எத்தனை வீடுகளில் அழுகுரல் கேட்கிறது என்பதை நாம் அறிவோம். அந்த வீடுகளிலும் அன்பு இருந்தது. ஒரு வருடம் பூக்காவிட்டாலும் நீ எங்கள் செடிதான் என்று அந்தப் பிள்ளை கேட்கும்படி யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால், ஒருவேளை ஓர் உயிர் தங்கியிருக்கும். ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரே, உங்கள் பிள்ளைக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளே, உங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்றால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ பங்குத்தந்தையிடமோ அருள்சகோதரியிடமோ மருத்துவரிடமோ இன்றே பேசுங்கள். தொட்டியை மாற்றச் சொல்லிக் கேட்பது குற்றமல்ல.

தவக்காலத்தில் நாம் வாசிக்கக் கேட்கும் லூக்கா நற்செய்தியின் அத்திமர உவமையை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளாகக் கனி தராத மரம். உரிமையாளர் வெட்டச் சொல்கிறார். அவர் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, நிலம் வீணாகிறது. தோட்டத் தொழிலாளர் அந்தக் கணக்கை மறுக்கவில்லை. மரம் நல்ல மரம் என்று வாதாடவும் இல்லை. அவர் கேட்டது இன்னும் ஓராண்டு அவகாசம். அந்த ஓராண்டில் மரம் கட்டாயம் கனி தரும் என்று அவர் உறுதி கூறவில்லை, தான் என்ன செய்யப்போகிறார் என்று சொல்கிறார். சுற்றிலும் கொத்திவிடுவதும் எரு போடுவதும் தன் வேலை என்று ஏற்றுக்கொள்கிறார். கனி வரவில்லையே என்று நாம் யாரையாவது சுட்டிக்காட்டும் ஒவ்வொரு முறையும், ‘இந்த ஆண்டு இவருக்காக நான் எந்த மண்ணைக் கொத்தினேன்?’ என்ற கேள்வியை அந்தத் தொழிலாளர் நம்முன் வைக்கிறார்.

உவமை அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அந்த மரம் காய்த்ததா என்று நற்செய்தி நமக்குச் சொல்லவில்லை. அதுவும் நல்லதுதான். ஏனெனில் எல்லாப் பராமரிப்பும் செய்த பிறகும் சில செடிகள் பூப்பதில்லை. பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியரை, திருமணம் தள்ளிப்போகும் சகோதரிகளை, வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் இளைஞர்களை நம் ஊர் எப்படிப் பேசுகிறது என்பதை நாம் அறிவோம். நல்ல காரியங்களுக்கு அவர்களை முன்னே வரவிடாத வழக்கம் கிறிஸ்தவ வீடுகளிலும் இன்னும் இருக்கிறது. அவர்களிடம் “எல்லாம் சரியாகிவிடும், அடுத்த ஆண்டு பூக்கும்” என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வளைகாப்புக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் அவர்களை முதலில் அழைக்கலாம். அவர்களிடம் கேட்பதற்கு வேறு ஆயிரம் கேள்விகள் இருக்கும்போது அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்கலாம். பூக்காவிட்டாலும் அது உயிருள்ள செடி. தன் பசுமையால் வீட்டை நிறைக்கும் செடி. இறைவனின் தோட்டத்தில் அதற்கு மூலை என்று ஓர் இடம் இல்லை.

ஆர்க்கிட் விதையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறோம். ஒரு காயில் இலட்சக்கணக்கான விதைகள் இருக்கும், தூசிபோல் பறக்கும். நெல்லுக்கும் அவரைக்கும் இருப்பதுபோல் அவற்றுக்குள் உணவு எதுவும் சேமித்து வைக்கப்படவில்லை. அப்படியென்றால் எப்படி முளைக்கின்றன? 1899-இல் நோயல் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு இளைஞர் இதைக் கண்டறிந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை அந்த விதைக்குள் புகுந்து, அதற்கு உணவு ஊட்டுகிறது. அந்த உதவி கிடைத்த விதை மட்டுமே காட்டில் முளைக்கிறது. முளைத்த பிறகும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். நாம் இன்று ஏதோ ஓர் அளவில் பூத்திருக்கிறோம் என்றால், நமக்கும் அப்படி ஊட்டியவர்கள் உண்டு. கட்டணம் கட்ட முடியாதபோது தன் சம்பளத்திலிருந்து கட்டிய ஆசிரியர், யாருக்கும் சொல்லாமல் அரிசி கொண்டுவந்து வைத்த பக்கத்து வீட்டு அக்கா. அவர்களுக்கு நாம் நன்றி சொல்லும் சிறந்த வழி, வேறொரு சிறு விதைக்கு நாம் அப்படி ஆவதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆர்க்கிட் ஆசை வந்ததும் மலைக்குச் சுற்றுலா போன இடத்தில் மரத்திலிருந்து பிய்த்து வராதீர்கள். பழனி மலையிலும் சேர்வராயன் மலையிலும் நமக்கே உரிய ஆர்க்கிட்கள் இருக்கின்றன. செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையினர் தொடங்கிய அருங்காட்சியகம் ஆர்க்கிட் சேகரிப்புக்குப் பெயர் பெற்றது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் அருள்தந்தை கே. எம். மேத்யூ பழனி மலைத் தாவரங்களை எல்லாம் ஆண்டுக்கணக்கில் நடந்து நடந்து பதிவுசெய்து, 1999-இல் நூல்தொகுதியாக வெளியிட்டார். பிய்த்து வந்த காட்டுச் செடி நம் வீட்டில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. காட்டிலும் இல்லாமல் போகிறது. நாற்றுப்பண்ணையில் வளர்த்ததை வாங்குங்கள்.

இந்த வாரம் ஒரு சிறு பயிற்சி செய்வோம். நம் வீட்டுத் தொட்டி எதுவாயினும் அதன் இலையையும் வேரையும் ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்போம். அதன் பிறகு, பூக்கவில்லை என்று நாம் மனத்துக்குள் முத்திரை குத்தி வைத்திருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லிச் செபிப்போம். செபித்துவிட்டு நிறுத்திவிடாமல், அவருக்காக ஒரு காரியத்தை மாற்றுவோம். ஒரு சன்னலைத் திறப்போம்; ஒரு சொல்லைக் குறைப்போம்; ஒருவேளை உணவுக்கு அழைப்போம். பூப்பது அவர் காலத்தில் நடக்கட்டும். கொத்துவதும் நீர் ஊற்றுவதும் நம் கையில் இருக்கின்றன.

பொறுமையுள்ள தோட்டக்காரராகிய இறைவன் நம் இல்லங்களையும் நம் பிள்ளைகளையும் காத்து வழிநடத்துவாராக. அடுத்த ஞாயிறு மீண்டும் சந்திப்போம்.